எழுமலையின் கழுத்து

போன வாரம் எங்கள் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரிய மனிதர் நீளமாக ஒரு செய்தியைத் தள்ளிவிட்டிருந்தார். தலைவலிக்கு மாத்திரையே வேண்டாமாம், எல்லாம் இயற்கையாகவே சரியாகிவிடுமாம். சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடு. நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விடு. துண்டை நனைத்துத் தலையில் இறுக்கிக் கட்டு. சலூனுக்குப் போய்க் கழுத்தை நெட்டி முறி. கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். கும்பிட்டவர்களில் இரண்டு பேர் என் கையால் கழுத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள்! எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். மகன் வாங்கிக் கொடுத்த போன் என்பதால் தப்பியது.

ஆஸ்பத்திரியில் என் பழைய பிரிவில் இப்போது வேலை செய்கிற பெண்களைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். அவர்கள் சிரித்தார்கள்.

"நீங்களே எழுதுங்க மேடம். எங்ககிட்டயும் இப்ப தெனம் தலைவலிதான் வருது, எல்லாம் கம்ப்யூட்டர் கழுத்து. திட்டறதையும் சேத்தே எழுதுங்க, அப்பதான் படிப்பாங்க."

சரி, எழுதுகிறேன். மாத்திரை இல்லாமல் தலைவலியைக் குறைக்க முடியுமா என்று கேட்டால், முடியும். நான் சம்பளம் வாங்கியதே அதற்குத்தான். ஆனால் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எதைச் செய்தாலும் அது வைத்தியம் இல்லை. அடுப்படியில் இருந்து வந்தாலும் இல்லை, மெடிக்கல் ஷாப்பில் இருந்து வந்தாலும் இல்லை. இதை எனக்குப் புரிய வைத்தது எழுமலை என்கிற ஒரு மனிதரின் கழுத்து.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரிக் கொல்லை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. பிசியோதெரபி படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் சித்தப்பா, "அமுக்கி விடற வேலைக்கு காலேஜாடி?" என்று கேட்டார். படித்தேன். தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், பரீட்சை எழுதினேன், நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பிறகு அதே சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். நன்றாக அமுக்கினேன்.

எனக்கு மேலே இருந்தவர் இசக்கியம்மாள் மேடம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டவுன்ஷிப்புக்கு எந்த ஜில்லாவில் இருந்து வந்தாலும் கொஞ்ச நாளில் எல்லாரும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள். மேடம் மட்டும் கடைசி வரை மாறவில்லை. ஆண் நோயாளி யார் வந்தாலும் "அண்ணாச்சி". பெரிய அதிகாரி முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அண்ணாச்சிதான். என்னை "ஏட்டி தனம்" என்பார். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது சண்டைக்குப் போனேன்.

"எங்க ஊர்ல பிரியமாத்தாம்ட்டி அப்படிக் கூப்பிடுவோம். பிரியம் வேண்டாம்னா சொல்லு, தனலட்சுமி அவர்களேன்னு கூப்பிடுதேன்" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு எல்லாம் வேகம். அவருக்கு எல்லாம் நிதானம். தினமும் உரசல். தலைவலி என்று ஒருவர் வந்தால் நான் உடனே கழுத்தில் கை வைத்துவிடத் துடிப்பேன். மேடம் தொடவே மாட்டார். கைப்பிடி இல்லாத ஓர் இரும்பு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார். கைப்பிடி இருந்தால் ஆள் அதில் சாய்ந்துகொண்டு தன் கோணலை மறைத்துவிடுவானாம். பிறகு கேள்விகள். இடி விழுந்த மாதிரி திடீரென்று வந்த வலியா? காய்ச்சலோடு கழுத்து விறைத்துப் போகிறதா? கண் மங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, கை கால் மரத்துப் போகிறதா? எங்கேயாவது விழுந்தீர்களா? காலையில் எழுந்ததும் வாந்தியா? ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலியா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஆளைத் தொடாமல் டாக்டரிடம் திருப்பி அனுப்பிவிடுவார். டாக்டரே எங்களிடம் அனுப்பிய ஆளாக இருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். ஒரு தடவை டாக்டர் போனில் கத்தினார். "கத்துங்க சார், நல்லா கத்துங்க. ஆனா இன்னொருக்க பாத்துட்டுக் கத்துங்க" என்று சொல்லிப் போனை வைத்தார் மேடம்.

கேள்வி முடிந்தால், "எங்க வலிக்கி, காட்டுங்க" என்பார். வாயால் சொல்ல விடமாட்டார், கையால்தான் காட்ட வேண்டும். ஒற்றை விரலால் ஒரு கண்ணுக்குப் பின்னால் குத்திக் காட்டினால் அது வேறு கதை. இரண்டு கைகளையும் நெற்றியில் வைத்துப் பின்மண்டை வரைக்கும் பட்டை போடுகிற மாதிரி இழுத்துக் காட்டினால் அது எங்கள் கேஸ். தசை இறுகி வருகிற தலைவலி அப்படித்தான். துடிக்காது, அழுத்தும். ஹெல்மெட் பட்டையை யாரோ ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிவிட்ட மாதிரி இருக்கிறது என்பார்கள் சுரங்கத்துக்காரர்கள்.

அதற்கும் பிறகுதான் கை. தன் உள்ளங்கையைத் தன் கழுத்திலேயே வைத்துச் சூடு பார்த்துக்கொள்வார். குளிர்ந்த கை பட்டால் தசை இன்னும் சுருங்கும். பின்மண்டை எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கிற பள்ளத்தில் கட்டை விரலை வைத்து, நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்துவார். அதற்கு மேல் ஓர் இம்மி கிடையாது. இறுகிய தசையாக இருந்தால் பின்னால் அழுத்தும்போது முன்னால் நெற்றியில் வலிக்கும். "ஆமாங்க! இதேதாங்க, இதே வலிதாங்க!" என்று ஆள் துள்ளுவார். அந்தத் துள்ளலுக்காகவே இந்த வேலையை எத்தனை வருடம் வேண்டுமானாலும் பார்க்கலாம். தலைக்குள் ஏதோ முளைத்திருக்கிறது, இனி அவ்வளவுதான் என்று பயந்து வந்தவருக்கு, இதோ பார், உன் வலி கழுத்தில் ஒரு விரல் அகலத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தொட்டுக் காட்டுவது சின்ன விஷயமா?

எழுமலை வந்தபோது எனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பக்கெட் வீல் ஆபரேட்டர். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெரிய கட்டடமே நகர்ந்து போகிற மாதிரி இருக்கும் அந்த மெஷின். நீட்டிய கையின் நுனியில் ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம், சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள், வாளியின் விளிம்பில் இரும்புப் பற்கள். நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணைச் சுரண்டி பெல்ட்டில் கொட்டும். அதை உயரத்தில் ஒரு கேபினில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும்.

பல மாதமாகத் தினம் தலைவலி. குள்ளஞ்சாவடியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வாங்கித் தின்றிருக்கிறார். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. கண்ணாடி மாற்றினார்கள், பயனில்லை. தலை சரியாகிற வரை மெஷினில் ஏறக் கூடாது என்று கீழே தரை வேலைக்கு அனுப்பிவிட்டு எங்களிடம் அனுப்பினார்கள். கொஞ்ச காலம் கழித்து மெடிக்கல் போர்டு கூடும். டாக்டர்கள் உட்கார்ந்து, இவர் மறுபடி மெஷினுக்கா, இல்லை நிரந்தரமாகத் தரைக்கா என்று முடிவு சொல்வார்கள்.

இரும்பு நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுமலை அதை ஒரு பக்கமாக இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முகத்தை எங்களுக்கு நேராகக் காட்டாமல் கோணலாக உட்கார்ந்தார். திமிர் பிடித்த ஆள் என்று நினைத்தேன்.

"நான் அந்த சீட்டுக்குத் திரும்பப் போயாவணுங்க மேடம்" என்பதுதான் அவர் சொன்ன முதல் பேச்சு. வலியைப் பற்றி அப்புறம்தான் சொன்னார்.

"ஏன், கீழ வேல பாத்தா கௌரவம் கொறஞ்சிடுமா?" என்றேன்.

"கௌரவம் இல்லீங்க. இப்ப மெஷின் நிக்கிற எடம் எங்க நெலம். எங்கப்பா ஏரு ஓட்டுன எடம். அத எடுத்துகினுதான் எனக்கு வேல குடுத்தாங்க, பர்மனென்ட்டு. சரி, நோண்டித்தான் ஆவணும்னா நான் நோண்டறேன். வேற எவனோ சீட்ல ஒக்காந்து நோண்டுவான், நான் கீழ நின்னு அண்ணாந்து பாத்துகினு இருக்கணுமா?"

ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து மேடம் கையில் கொடுத்தேன்.

மேடம் எல்லாக் கேள்வியும் கேட்டார். கையால் காட்டச் சொன்னார், எழுமலை பட்டை போட்டுக் காட்டினார். மேடம் பள்ளத்தில் அழுத்தினார், எழுமலை நாற்காலியோடு துள்ளினார். எங்கள் கேஸ்தான், சந்தேகமே இல்லை. கழுத்து இரண்டு பக்கமும் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது, வலது பக்கம் இன்னும் மோசம்.

"மெஷின்ல எப்படி ஒக்காருவிய அண்ணாச்சி? ஓட்டிக் காட்டுங்க."

"இங்கயா?"

"இங்கனதான்."

எழுமலை இரண்டு கைகளையும் இல்லாத கன்ட்ரோல் கட்டைகளின் மேல் வைத்தார். முகத்தை இடது பக்கம் திருப்பினார், வலது காதை முன்னால் நீட்டினார், தோளைத் தூக்கினார், கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பி முன்னால் பார்த்தார். அடுத்த கட்டிலில் முட்டிக்கு மின்சாரச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒரு ரிட்டயர்டு பிட்டர், "டிரைவரு, வடலூர் ஒரு டிக்கெட்டுப்பா" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு.

"சிரிக்கறீங்களே, அடியில கல்லு வந்தா சக்கரத்துச் சத்தம் மாறும். பல்லு ஒடையறதுக்கு முன்னாடி அத காதுல வாங்கணும். மத்தவன் கண்ணால பாத்து ஓட்டுவான், நான் காதால ஓட்டுவேன். என் ஷிப்ட்ல எத்தன பல்லு ஒடைஞ்சிருக்குன்னு போய் கேளுங்க" என்றார் எழுமலை, கோபமாக.

காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே உற்சாகம். ஷிப்ட் முழுக்க இப்படித் தலையைத் திருப்பித் தோளைத் தூக்கி வைத்திருந்தால் கழுத்து கயிறாகாமல் என்ன ஆகும்? உட்காருகிற விதத்தை மாற்று, தசையைத் தளர்த்து, வலி ஓடிவிடும். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது.

தினம் மாத்திரை தின்றால் அந்த மாத்திரையே தலைவலியை நிற்கவிடாது என்பதால், டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்தினோம். வெந்நீர்த் தொட்டியில் ஊறிக் கிடக்கிற சூட்டுப் பையை எடுத்து, துண்டுகளில் சுற்றித் தோளிலும் கழுத்திலும் வைத்தோம். ஈரச் சூடு தசைக்குள் நன்றாக இறங்கும். பிறகு கட்டை விரலால் மெதுவாக அழுத்தித் தளர்த்தினோம். நாடியை, அதாவது மோவாயை, உள்ளே இழுக்கிற பயிற்சி, தோள்களைப் பின்னால் உருட்டுகிற பயிற்சி, மூக்கால் இழுத்து வாயால் நிதானமாக விடுகிற மூச்சு. பல்லைக் கடிக்காமல் தாடையைத் தளர விட்டு உட்காரச் சொன்னோம். தண்ணீர் குடிக்க, நேரத்துக்குச் சாப்பிட, ஷிப்ட் முடிந்ததும் தூங்கச் சொன்னோம். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டுவதையும் சலூனில் கழுத்தை முறிப்பதையும் அடியோடு நிறுத்தச் சொன்னோம். கழுத்துக்குள் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் இருக்கிறது, அது சலூன்காரருக்குத் தெரியாது.

வலி குறைந்தது. குறைந்து பாதியில் நின்றுவிட்டது. பிறகு ஏறியது!

எனக்கு அவமானமாக இருந்தது. மேடம் ஒரு நாள் எழுமலை வெளியே நடந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏட்டி, இவரு மெஷின விட்டு எறங்கி எவ்வளவு நாளாச்சு! கழுத்து இன்னும் எறங்கலயே?" என்றார்.

உண்மைதான். கீழே சக்கரம் இல்லை, கல் இல்லை, கேட்க வேண்டிய சத்தமும் இல்லை. ஆனாலும் முகம் இடது பக்கமே திரும்பியிருந்தது, தோள் தூக்கியே இருந்தது.

"பழக்க தோஷம் மேடம். சொல்றதக் கேக்காத ஆளு" என்றேன்.

"சொல்லுதத கேக்காத ஆளா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு யோசனையாக நின்றார். அவருடைய நிதானம் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. போர்டு அடுத்த வாரம். இப்படியே போனால் எழுமலைக்குத் தரைதான்.

மறுநாள் காலை. எழுமலையை வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடது தோளில் சூட்டுப் பை வைத்தேன். அவர் சட்டையை ஆணியில் மாட்டும்போது பையில் இருந்து ஏதோ கீழே விழுந்தது. மாத்திரை அட்டை. பாதி காலி.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே ஆரம்பித்தேன்.

"யோவ், உனக்கு வெக்கமா இல்ல? நாங்க இங்க உன் கழுத்தப் புடிச்சிகினு மாரடிக்கிறோம், நீ திருட்டுத்தனமா மாத்திர முழுங்குற? சீட்டு வேணும் சீட்டு வேணும்னு எங்க உசுர வாங்குனியே, இதான் நீ சீட்டுக்குப் போற லட்சணமா? போர்டுல நானே சொல்றேன் பாரு, இந்த ஆளுக்கு தரைதான் லாயக்குன்னு!"

முட்டிக்கார பிட்டர் தன் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். நான் மூச்சு வாங்கினேன்.

எழுமலை அசையாமல் படுத்திருந்தார். பிறகு நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, "சூடு நல்லா எறங்குதுங்க மேடம்" என்றார்.

முட்டிக்காரர் வெடித்துச் சிரித்தார். "ஆளு எமகாதகன்மா! நீ இவ்ளோ பேசியும் சூடு எறங்குதாம்!"

நான் சிரிக்கவில்லை. இந்த மனிதர் என்னைக் கேலி செய்யவில்லை. அவர் குரலில் கேலியே இல்லை. குனிந்து அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில், "எழுமலை, உங்க வூட்ல தீப்புடிச்சிருச்சாம்" என்றேன். அசைவில்லை. காதோரம் விரலைச் சொடுக்கினேன். அசைவில்லை. வலது காது தலையணையில் புதைந்திருந்தது.

நாற்காலியைத் திருப்பிப் போட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியது, தோளைத் தூக்கியது எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. அவர் கல்லின் சத்தத்தைக் கேட்க மட்டும் திரும்பவில்லை. எல்லாச் சத்தத்துக்கும் திரும்பிக்கொண்டிருந்தார்!

"மேடம்!" என்று நான் போட்ட சத்தத்தில் இசக்கியம்மாள் மேடம் உள்ளறையில் இருந்து ஓடி வந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

"என்னட்டி இந்தக் கத்து கத்துத? வெளிய நிக்கவங்க பயப்படுதாங்க."

"இந்தாளுக்கு எடது காது கேக்கல மேடம்."

எழுமலையை எழுப்பி உட்கார வைத்தோம். நான் சொன்னதை வலது காதில் வாங்கியதும் அவர் முகம் செத்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"காதுன்னு மட்டும் எழுதிடாதீங்க மேடம். தலைவலின்னா ஒருநா இல்ல ஒருநா சரியாப் போவும்னு விடுவாங்க. காது போச்சின்னா அவ்ளோதான், மெஷின் பக்கமே சேக்க மாட்டாங்க. போன மெடிக்கல்ல நல்லாத்தான் இருந்திச்சி. அப்புறம்தான் மெஷின் சத்தத்துல கொஞ்சங் கொஞ்சமா போயிடிச்சி. யார்கிட்டயும் சொல்லல. வூட்ல கூட சொல்லல."

மேடம் அவருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, பொய் எழுதச் சொல்லாதிய. எழுத மாட்டேன். ஆனா காது போச்சுன்னு ஒங்ககிட்ட சொன்னது யாரு? உள்ள யாராவது பாத்தாவளா?"

"இல்லீங்க."

"பாக்காமலே பயந்துக்கிட்டு இருந்தியளா? அந்தப் பயத்தையெல்லாம் எங்க வச்சிருந்திய? இங்கனதான்" என்று அவர் தோளைத் தட்டினார். "இறுக்கி இறுக்கிக் கயிறால்லா ஆக்கி வச்சிருக்கிய."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி செல்வியை உள்ளே கூப்பிட்டோம். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் அழவில்லை, சண்டை பிடித்தார்.

"அதானா! எடது பக்கம் நின்னு கூப்ட்டா திரும்பறதே இல்ல. எம்மேல கோவம்னு நெனச்சிகினு நான் பாட்டுக்கு மனசு ஒடைஞ்சி கெடக்கறேன்!"

"காதுல வலி, சீழ் எதாவது உண்டாம்மா?" என்றார் மேடம்.

"ஒண்ணும் இல்லீங்க. தலைவலிக்கு வாராவாரம் நல்லெண்ணெய காச்சி, பூண்டு தட்டிப் போட்டு, காதுல வுடுவேன். எடது பக்கம்தான் அவருக்கு மொதல்ல வலி ஆரம்பிக்கும், அதனால அந்தக் காதுல. வுட்டுட்டு பஞ்சு வச்சி அனுப்புவேன். மெஷின்ல தூசி போவாம இருக்கும் பாருங்க."

"எண்ணெய் வுட்டு, பஞ்சு வச்சு, அதோடயே மைன்ஸுக்கா?" என்றேன்.

"ஆமாங்க."

"சாயங்காலம் பஞ்ச எடுப்பீங்களா?"

செல்வி கணவரைப் பார்த்தார். கணவர் செல்வியைப் பார்த்தார்.

"அது தானா வுழுந்துடுங்க" என்றார் எழுமலை.

மேடம் எழுந்தார். "வாங்க அண்ணாச்சி" என்று அவர் கையைப் பிடித்து, காது மூக்கு தொண்டை டாக்டர் அறைக்குத் தானே நடத்திக்கொண்டு போனார். அடுத்த நோயாளிகள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். முட்டிக்காரர் காலில் மாட்டிய ஒயரோடு, "என்னாச்சின்னு வந்து சொல்லும்மா!" என்று கத்தினார்.

டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். எதையோ விட்டு ஊற வைத்து, கொக்கி மாதிரி ஒரு கருவியை மெதுவாக உள்ளே விட்டு இழுத்தார். வந்தது பஞ்சு. ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக அடைந்த பல பஞ்சுகள். எண்ணெயில் ஊறி, சுரங்கத்து மண்தூசியும் காதழுக்கும் சேர்ந்து காய்ந்து, களிமண் உருண்டை மாதிரி இருந்தது. அவர் அப்பா ஏர் ஓட்டிய நிலத்தில் கொஞ்சத்தை எழுமலை காதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்!

"என்னங்க, கேக்குதா?" என்று செல்வி வழக்கமான குரலில் கேட்டார்.

எழுமலை தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். "ஏன்டி இப்பிடி கத்தற? காது கிழியுது!"

இத்தனை மாதமாகச் செல்வி தன்னை அறியாமல் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் உட்பட எல்லாரும் சிரித்தோம். செல்வி மட்டும் அப்போதுதான் அழுதார்.

அன்றே கேட்கும் திறனைச் சோதித்தார்கள். மெஷினில் வேலை செய்கிற பலருக்கும் இருக்கிற மாதிரி லேசான குறைவு இருந்தது, வேலைக்குத் தடையில்லாத அளவு. மேடம் நடந்ததை நடந்தபடியே எழுதினார். பஞ்சு, எண்ணெய், மாத்திரை அட்டை, எதையும் விடவில்லை. மாத்திரை அட்டையை விட்டுவிடலாமே என்று நான் கேட்டேன், நானே! "அதயும் எழுதினாத்தாம்ட்டி மத்தத நம்புவாவ" என்றார்.

போர்டு உடனே சீட்டைக் கொடுத்துவிடவில்லை. இன்னும் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு வரச் சொன்னது. அந்த அவகாசத்தில் நாங்கள் செய்தது புதிதாக ஒன்றுமில்லை. அதே ஈரச் சூடு, அதே கட்டை விரல், அதே நாடிப் பயிற்சி, அதே மூச்சு. ஆனால் இந்தத் தடவை கழுத்து கேட்டது! திரும்ப வேண்டிய அவசியமே இல்லாத கழுத்து. மறைக்க ஒன்றுமில்லாத தோள். நாளுக்கு நாள் கயிறு தளர்வது விரலில் தெரிந்தது. மாத்திரையும் நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் வீட்டில் சோறு இறங்கவில்லை, எல்லாரிடமும் எழுமலை கழுத்தைப் பற்றியே பேசினேன்.

இப்போது பிரிவில் இருக்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களிடம் வருகிற கம்ப்யூட்டர் கழுத்துக்கும் இதே சூடு, இதே பயிற்சி வேலை செய்யும். திரையைக் கண்ணுக்கு நேரே வைக்கச் சொல்லுங்கள், இடையிடையே எழுந்து நடக்கச் சொல்லுங்கள். ஆனால் பாதியில் நின்றுவிட்டால், அந்த ஆளைக் குறை சொல்லாமல், கழுத்து எதற்காகத் திரும்புகிறது என்று பாருங்கள். யார் பேச்சுக்குப் பயந்து தோள் தூக்குகிறது என்று கேளுங்கள். இயற்கை வைத்தியம் என்று வீட்டில் எதையெதை எங்கெங்கே ஊற்றுகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். வாட்ஸ்அப் பெரிய மனிதருக்கும் இதேதான் பதில். காதில் எண்ணெய் விடுங்கள் என்று இன்னொரு தடவை போட்டால் வீட்டுக்கே வருவேன்.

எழுமலைக்கு போர்டு கடைசியில் சீட்டைக் கொடுத்தது. முதல் ஷிப்ட் முடிந்து, மண் ஒட்டிய பூட்ஸோடு நேராக எங்கள் ஹாலுக்கு வந்தார். நாற்காலியைத் திருப்பிப் போடவில்லை. நேராக உட்கார்ந்தார்.

"எப்பிடி இருந்திச்சி?" என்றேன், ஆர்வம் தாங்காமல்.

"அத ஏங் கேக்கறீங்க மேடம்! கல்லு ரெண்டு காதுலயும் கேக்குது. நேரா பாத்துகினே ஓட்டுனேன். ஒரு பல்லு ஒடையல." பிறகு முகத்தைச் சுளித்தார். "ஆனா அந்த மெஷினு இவ்ளோ சத்தம் போடும்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க. எப்பிடித்தான் ஒக்காந்திருந்தனோ!"

"அதுக்குத்தான காது மூடி குடுத்திருக்காங்க? அத மாட்டிகினு ஓட்டு."

"அது வேர்க்குதுங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டே எழுந்து, மருந்து அலமாரியை எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் பஞ்சு இருந்தா குடுங்களேன்."

நான் கத்திய கத்தலில் மேடம் மறுபடியும் உள்ளறையில் இருந்து ஓடி வந்தார். எழுமலை சிரித்துக்கொண்டே இரண்டு கைகளாலும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். முகம் என்னை நேராகப் பார்த்தது.